மாடிக்கு டெலஸ்கோப், மலைக்கு பைனாகுலர்

டெலஸ்கோப் வாங்கிய முதல் அமாவாசைக்கே அதைக் காரில் ஏற்றி ஏற்காட்டுக்குக் கொண்டு போகிறவர்கள் நிறைய பேர். நானும் அப்படித்தான் போனேன். சேலத்தில் வெளிச்சம் ஜாஸ்தி, மலையில் நல்ல இருட்டு, பெரிய கருவியை இருட்டுக்குக் கொண்டு போனால் நிறையத் தெரியும் என்பது கணக்கு. கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு சின்ன டெலஸ்கோப்பையும் ஒரு பைனாகுலரையும் இரண்டு இடத்திலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்த பிறகு நான் சொல்வது இதற்கு நேர் எதிர். டெலஸ்கோப் சேலத்து மாடியிலேயே இருக்கட்டும், மலைக்குப் போகும்போது பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போங்கள்.

எதை எதோடு ஒப்பிடுகிறேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். டெலஸ்கோப்பின் லென்ஸ் 70 மி.மீ., குவியத் தூரம் 700 மி.மீ., கூடவே 25 மி.மீ., 10 மி.மீ. என்று இரண்டு ஐபீஸ், அதாவது கண் வைத்துப் பார்க்கிற லென்ஸ். குவியத் தூரத்தை ஐபீஸின் எண்ணால் வகுத்தால் எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்று வந்துவிடும்: ஒன்றில் 28 மடங்கு, இன்னொன்றில் 70 மடங்கு. பைனாகுலர் 10×50, அதாவது 10 மடங்கு பெரிதாக்கும், முன்பக்க லென்ஸ் 50 மி.மீ. நல்ல இருட்டில் நம் கண்பாவை விரிந்தால் ஏறக்குறைய 7 மி.மீ. வரும், அதனால் அந்த 50 மி.மீ. லென்ஸ் வெறுங்கண்ணைப்போல் 50 மடங்கு வெளிச்சத்தை வாங்குகிறது, அதுவும் இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாக.

டப்பாவில் 525 மடங்கு என்று பெரிதாக அச்சடித்திருப்பதை நம்பாதீர்கள். லென்ஸ் எத்தனை மி.மீ.யோ அதைப்போல் இரண்டு மடங்குதான் உருப்படியான எல்லை, 70 மி.மீ.க்கு 140. அதற்கு மேல் போனால் மங்கல்தான் பெரிதாகும். நான் ஆன்லைனில் முதலில் வாங்கியது அந்த 525 ரகம். அதன் ஸ்டாண்ட் மூச்சு விட்டாலே ஆடும், நிலாவைக்கூட நடுவில் நிறுத்த முடியாமல் ஒரு வருஷம் பரணில் கிடந்தது. டெலஸ்கோப் வாங்குகிறவர்கள் குழாயைப் பார்க்கும் முன் ஸ்டாண்டை ஆட்டிப் பாருங்கள்.

சரி, மாடி. எங்கள் வீடு அஸ்தம்பட்டிக்குக் கொஞ்சம் உள்ளே, வடக்கே பார்த்தால் மலைப்பாதையில் வண்டி ஏறும் விளக்குகள் தெரியும். நாலு பக்கமும் தெருவிளக்கு. கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தில் ஆறு எண்ண வேண்டிய இடத்தில் எனக்கு நாலுதான் தேறும். பால்வெளி என்ற ஒன்று இருப்பதே தெரியாது. இந்த வானத்தில் டெலஸ்கோப் எதற்கு என்று கேட்கலாம். ஊர் வெளிச்சம் கெடுப்பது மங்கலாக, பரவலாக இருக்கிற பொருட்களைத்தான். நிலா, வெள்ளி, வியாழன், சனி எல்லாம் ஊர் வெளிச்சத்தைச் சட்டையே செய்யாத அளவுக்குப் பளிச்சென்று இருப்பவை. அவற்றுக்கு வேண்டியது இருட்டு இல்லை. பெரிதாக்கும் சக்தியும் ஆடாத ஸ்டாண்டும்தான். டெலஸ்கோப்பிடம் இருப்பதும் அவைதான்.

நிலாவை எடுத்துக்கொள்ளுங்கள். பௌர்ணமி அன்று பார்த்தால் பளீரென்று ஒரு தட்டு, கண் கூசும், பள்ளமும் தெரியாது மேடும் தெரியாது, ஏனென்றால் வெயில் நேராக அடிக்கிறது, நிழல் விழ இடமில்லை. வளர்பிறை அஷ்டமி அன்று பாருங்கள். வெளிச்சமும் இருட்டும் பிரிகிற அந்தக் கோட்டை ஒட்டி ஒவ்வொரு பள்ளத்துக்குள்ளும் கறுப்பு நிழல் தேங்கி நிற்கும், சில பள்ளத்துக்கு நடுவில் இருக்கிற மலைமுனை மட்டும் வெயில் பட்டு ஊசி மாதிரி மின்னும். பைனாகுலரிலும் பள்ளங்கள் தெரியும்தான், பெரியவை மட்டும். 70 மடங்கில் தெரிவது வேறு உலகம்.

வியாழனில் வித்தியாசம் கொஞ்சம் குறைவு. முழங்கையைக் கைப்பிடிச்சுவரில் ஊன்றிக்கொண்டால் பைனாகுலரிலேயே அதன் பெரிய நிலாக்கள் நாலும் குண்டூசித் தலை மாதிரி ஒரே வரிசையில் தெரியும், சில நாள் மூன்று, சில நாள் இரண்டு. 1610 ஜனவரியில் கலிலியோ பார்த்தது இதைத்தான், சுமார் 20 மடங்கு பெரிதாக்கும் குழாயில். அந்த நாலில் வியாழனுக்கு மிகப் பக்கத்தில் இருக்கிற அயோ சுமார் 42 மணி நேரத்தில் ஒரு சுற்று முடித்துவிடுவதால் சாயங்காலம் ஒரு தடவை, படுக்கப் போகும் முன் ஒரு தடவை பார்த்தாலே இடம் மாறியிருப்பது தெரியும். டெலஸ்கோப்பில் கூடுதலாகக் கிடைப்பது வியாழனின் மேல் ஓடும் இரண்டு பட்டைகள்.

அக்கா மகன் ஒரு நாள் 70 மடங்கில் வியாழனை நடுவில் வைத்துவிட்டு அவன் அம்மாவைக் கூப்பிடப் போனான், திரும்பி வந்து பார்த்தால் காணோம். "மாமா, யாரோ ஆட்டிவிட்டார்கள்" என்றான். யாரும் தொடவில்லை. அந்த மடங்கில் மூன்று நிமிஷத்துக்குள் கிரகம் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போய்விடும், ஓடுவது கிரகம் இல்லை, நாம் நிற்கிற மாடிதான். அப்புறம் அவன் ஸ்டாண்டில் இருக்கிற திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, வியாழன் நழுவ நழுவ நடுவுக்கு இழுத்துக்கொண்டே கால் மணி நேரம் நின்றான். பூமி சுற்றுகிறது என்பதை அவன் விரலால் தெரிந்துகொண்டது அன்றைக்குத்தான்.

சனியில் பைனாகுலர் தோற்றே போகும். 10 மடங்கில் ஒரு முட்டை வடிவம், அவ்வளவுதான். 28 மடங்கிலேயே வளையம் பிரிய ஆரம்பிக்கும், 70-இல் வளையத்துக்கும் உருண்டைக்கும் நடுவில் கறுப்பு இடைவெளி தெரியும். அந்த ஒளி சனியை விட்டுக் கிளம்பி ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம் கழித்துத்தான் நம் மாடிக்கு வருகிறது. ஒன்று மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: 2025 மார்ச்சில் வளையம் நமக்கு நேர் விளிம்பாகத் திரும்பியது, அதையொட்டிய மாதங்களில் பார்த்தவர்களுக்கு மெல்லிய கோடுதான். இனி வருஷத்துக்கு வருஷம் விரிந்து 2032 வாக்கில் முழு அகலத்துக்கு வரும். வெள்ளி நிலாவைப்போல் பிறை காட்டும், அதுவும் டெலஸ்கோப்பில்தான் சுகம். செவ்வாயை நம்பி மட்டும் எதையும் வாங்காதீர்கள். ஏறக்குறைய 26 மாதத்துக்கு ஒரு தடவை பூமிக்குப் பக்கத்தில் வருகிற சில வாரங்களைத் தவிர மற்ற நாளெல்லாம் சின்னச் சிவப்புப் பொட்டு.

மாடிக்கு ஒரு குறை உண்டு. சேலத்து வெயிலில் நாளெல்லாம் காய்ந்த தளம் ராத்திரி பத்து மணி வரைக்கும் சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும், அந்தக் காற்று வழியாகப் பார்த்தால் கிரகம் கொதிக்கிற தண்ணீருக்கு அடியில் கிடக்கிற காசு மாதிரி நெளியும். பக்கத்து வீட்டுக் கூரைக்கு மேலே தாழ்வாகப் பார்க்காதீர்கள், கிரகம் உச்சிக்கு ஏறட்டும், பத்தரைக்கு மேல் பாருங்கள். இன்னொன்று, சத்தமாகவே சொல்கிறேன்: பகலில் இரண்டில் எதையும் சூரியன் பக்கம் திருப்பாதீர்கள், ஒரு நொடியில் பார்வை போய்விடும். குழந்தைகள் இருக்கிற வீட்டில் வேலை முடிந்ததும் டெலஸ்கோப்பை உள்ளே எடுத்து வைத்துவிடுங்கள்.

இப்போது மலைக்கு வருவோம். ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர், சேலத்தின் தூசும் புகையும் பெரும்பாலும் கீழேயே நின்றுவிடும். ஏரிப் பக்கம் வேண்டாம், அங்கே விளக்குகள். லேடீஸ் சீட்டும் வேண்டாம், அங்கிருந்து நேர் கீழே சேலம் முழுக்க எரிந்துகொண்டிருக்கும், தெற்கு வானத்தின் அடிப்பகுதி மஞ்சளாகக் கிடக்கும். நாங்கள் போவது நாகலூர் ரோட்டில் தெரிந்தவர் காப்பித் தோட்டத்து வீட்டுக்கு. காட்டெருமை நடமாட்டம் இருப்பதால் ராத்திரி ரோட்டோரம், வியூ பாயிண்ட் என்று தனியாக நிற்பது நல்லதில்லை, தங்குகிற இடத்து முற்றமோ மொட்டைமாடியோ போதும்.

முதல் தடவை டெலஸ்கோப் கொண்டு போனபோது என்ன நடந்தது என்றால், 20 கொண்டை ஊசி வளைவில் குலுங்கி ஏறியதில் குறி பார்க்க மேலே பொருத்தியிருக்கிற சின்னக் குழாய், அதாவது ஃபைண்டர், இடம் மாறிப்போயிருந்தது, இருட்டில் அதைச் சரிசெய்யவே முக்கால் மணி. அப்புறம் பனி, லென்ஸில் ஈரம் படிந்து எல்லா நட்சத்திரத்தைச் சுற்றியும் ஒளிவட்டம். துடைத்தால் மறுபடி படிந்தது. ஒன்பது மணிக்கு மூடுபனி வந்து வானத்தையே மூடியது. பத்தேகாலுக்குத் திடீரென்று திறந்து இருபது நிமிஷம் அப்படி ஒரு வானம், நான் ஸ்டாண்டோடு போராடிக்கொண்டிருந்தேன், கூட வந்தவர் பைனாகுலரில் பார்த்து முடித்துவிட்டார். மலையில் வானம் கேட்டுக்கொண்டு திறப்பதில்லை, திறக்கும்போது கையில் தயாராக இருப்பதுதான் உதவும்.

வசதி மட்டும் காரணம் இல்லை. இருட்டு வானம் தருகிற பொருட்கள் பெரியவை, அதாவது அகலமானவை. கார்த்திகைக் கூட்டம் கிட்டத்தட்ட 2 டிகிரி, நாலு முழுநிலாவை வரிசையாக அடுக்கின அகலம். என் டெலஸ்கோப் குறைந்த மடங்கிலேயே 1.8 டிகிரிதான் காட்டும், கூட்டம் அதற்குள் அடங்காது, ஜன்னல் கம்பி வழியாகத் தேர் பார்ப்பது மாதிரி. 10×50-இல் ஆறரை டிகிரி தெரியும். கார்த்திகை முழுசாக, நீலம் கலந்த வெள்ளையில் டஜன் கணக்கில், சுற்றிலும் கறுப்பு இடம் விட்டு நிற்கும். ஆண்ட்ரோமீடா விண்மீன் மண்டலமும் இப்படித்தான், 25 லட்சம் ஒளியாண்டு தூரத்தில் இருந்தும் வானத்தில் 3 டிகிரி நீளம். சேலத்தில் பைனாகுலரில் தேடித் தேடி ஒரு கறை கிடைக்கும், ஏற்காட்டில் நீளவாக்கில் ஒரு வெளிச்சத் தீற்றலே தெரியும்.

ஜாதகத்தில் நாம் தினம் சொல்கிற பெயர்களை வானத்தில் தேடுவதற்கும் பைனாகுலர்தான் தோது. பூச நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் மங்கலான ஒரு கொத்து இருக்கிறது. மாடியில் வெறுங்கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியாது, மலையில் புகை மாதிரி தெரியும், பைனாகுலரை வைத்தால் புகை உடைந்து தனித்தனி நட்சத்திரமாகச் சிதறும். மூலத்துக்கு அருகில், விருச்சிகத்தின் கொடுக்கை ஒட்டி இன்னும் இரண்டு கொத்து. நமக்கு இன்னொரு யோகமும் உண்டு: சேலம் வடக்கே 11.7 டிகிரியில் இருப்பதால் தென்வானத்தில் பெரும்பகுதி நமக்குத் தெரியும். ஐரோப்பாவில் இருப்பவர்கள் அடிவானத்தில் எட்டிப் பார்க்கிற பால்வெளி மையம் இங்கே பாதி வானம் வரை ஏறுகிறது. ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வு நிலையத்தை அமைத்ததற்கும், 1986-இல் அங்கே 2.3 மீட்டர் டெலஸ்கோப்பை நிறுவியதற்கும் இந்தத் தென்வானம் ஒரு முக்கியக் காரணம்.

என்னைக் கேட்டால் ஏற்காட்டுக்கு நல்ல நேரம் பிப்ரவரி கடைசி, மார்ச், அதுவும் விடியற்காலை நாலு மணி. பால்வெளி மையம் அப்போது தென்கிழக்கில் நன்றாக ஏறியிருக்கும், மழை மேகமும் கம்மி. ஒரு தடவை பாயை விரித்துப் படுத்துக்கொண்டு, சில்வர் ஓக் மரங்களின் உச்சியிலிருந்து தொடங்கி பைனாகுலரை மெதுவாக மேலே நகர்த்தினேன், நட்சத்திரம் தீரவே இல்லை, ரவையைக் கொட்டினது மாதிரி வந்துகொண்டே இருந்தது, நடுவில் கறுப்புத் திட்டுகள், அவை ஓட்டை இல்லை, பின்னால் இருப்பதை மறைக்கிற தூசி மேகங்கள். மே மாதம் பத்து மணிக்கு என்றால் தெற்கே ஒமேகா சென்டாரி, லட்சக்கணக்கான நட்சத்திரங்கள் உருண்டையாகச் சேர்ந்த கூட்டம், சுமார் 31 டிகிரி உயரத்தில், கையை நீட்டிப் பிடித்தால் மூன்று முஷ்டி. பைனாகுலரில் பஞ்சு உருண்டை. நேர்மையாகச் சொன்னால் இதை விளிம்பில் உடைத்துக் காட்ட ஒரு பெரிய டெலஸ்கோப் இருந்தால் நன்றாகத்தான் இருக்கும், 70 மி.மீ. அதற்குப் போதாது.

வெறுங்கண்ணும் போன் ஆப்பும் போதாதா என்றால், தொடங்குவதற்குப் போதும். ஸ்டெல்லேரியம் மாதிரி ஒன்றைப் போட்டுக்கொண்டு திசை பழகுங்கள், திரையைச் சிவப்புக்கு மாற்றுங்கள், கண் இருட்டுக்குப் பழக அரைமணி பிடிக்கும், ஒரு வெள்ளை வெளிச்சம் பட்டால் மறுபடி முதலிலிருந்து.

டெலஸ்கோப்பிலேயே எந்த ஸ்டாண்ட் என்பதில் நம் ஊருக்கென்று ஒரு சங்கதி இருக்கிறது. எடைக்கல் தொங்குகிற ஈக்வடோரியல் ஸ்டாண்டின் அச்சைத் துருவ நட்சத்திரத்துக்கு நேராக வைக்க வேண்டும். சேலத்தில் அது அடிவானத்திலிருந்து ஒரு முஷ்டி உயரத்துக்குக் கொஞ்சம் மேலேதான், எங்கள் மாடியில் மலையும் தண்ணீர்த் தொட்டியும் போக மிச்ச இடத்தில் அதைத் தேட வேண்டும். அச்சை அவ்வளவு தாழ்த்தினால் பல சின்ன ஸ்டாண்டுகளில் எடைக்கல் காலில் போய் இடிக்கும். தொடங்குகிறவர்களுக்கு மேலே கீழே, இடம் வலம் என்று திரும்புகிற சாதாரண ஸ்டாண்டே மேல்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால்: வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது ஏற்காடோ ஊர்ப்பக்கம் தோட்டமோ போகிறவர் என்றால் 10×50 பைனாகுலர், வேறு யோசனையே வேண்டாம். ஜூம் வைத்ததும் 12 மடங்குக்கு மேலே போவதும் வேண்டாம், கை ஆட்டம் காட்டிக் கொடுத்துவிடும். ராத்திரி மாடியைத் தாண்டி வாய்ப்பே இல்லை, வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருக்கிறது என்றால் 70 மி.மீ. டெலஸ்கோப், சனிக்காகவும் நிலாவுக்காகவும். எங்கள் வீட்டில் அஷ்டமிக்கு டெலஸ்கோப் மாடி ஏறுகிறது, அமாவாசை சனி ஞாயிறை ஒட்டி வந்தால் பைனாகுலர் மலை ஏறுகிறது. மலையிலிருந்து இறங்கி வந்ததும் பையைத் திறக்காமல் இரண்டு மணி நேரம் அப்படியே விட்டு வையுங்கள், குளிர்ந்த லென்ஸில் சேலத்துப் புழுக்கம் பட்டால் உள்ளே வரைக்கும் ஈரம் கோத்துக்கொள்ளும்.