ஒரே தடவையில் முடிகிற வேலை என்றால் நல்ல இடம்

அப்பாவுக்கு புராஸ்டேட் புற்றுநோய். இரண்டரை வருடமாக ஒரே அரசு மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவுக்குத்தான் கூட்டிப்போகிறேன். பெயர் சொல்லப் போவதில்லை, சொன்னால் அங்கே மாடாய் உழைக்கிற நாலு பேருக்குத்தான் தலைவலி. ஆளும் மருந்தும் இயந்திரமும் பற்றாக்குறையாக இருக்கிற இடங்களில் இந்த மாதிரிப் பிரிவுகள் பெரும்பாலும் ஒரே சாயல்தான், அதனால் எங்கே இருப்பவருக்கும் இது உதவலாம். ஐந்துக்கு மூன்றரை. அந்த அரை எதற்கு என்று கடைசியில் சொல்கிறேன்.

நாங்கள் போனதே தாமதம், அதை முதலில் ஒத்துக்கொள்கிறேன். ராத்திரி நாலைந்து தடவை மூத்திரத்துக்கு எழுந்தார், வயசானால் அப்படித்தான் என்று விட்டோம். அப்புறம் இடுப்பு வலி, அதற்கு ஆறு மாதம் வலி மாத்திரை. கடைசியில் ஒரு டாக்டர் ஆசனவாய் வழியாக விரல் வைத்துப் பார்த்துவிட்டு "கல்லு மாதிரி இருக்கே" என்றார். பிஎஸ்ஏ, அதாவது புராஸ்டேட் சுரப்பிக்கான ரத்தப் பரிசோதனை, 212. சாதாரணமாக 4 தாண்டினாலே யோசிப்பார்கள். அமெரிக்கக் கணக்கில், சுரப்பிக்குள்ளேயே இருக்கும்போது கண்டுபிடித்தால் ஐந்து வருடம் தாண்டுவது கிட்டத்தட்ட எல்லோருமே, எலும்புக்குப் பரவிய பிறகு என்றால் மூன்றில் ஒருவரை விடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். அதுவும் எல்லா வசதியும் இருக்கிற நாட்டில்.

பயாப்ஸி ஒரு காலையில் முடிந்தது. 12 துணுக்கு எடுத்தார்கள், வலி தாங்குகிற அளவுதான், சிஸ்டர் கையைப் பிடித்துக்கொண்டே பேச்சுக் கொடுத்தார். குறையே சொல்ல முடியாது. முடிவு வர ஏழு வாரம்! அங்கே திசுவைப் பார்க்கிற டாக்டர் இல்லை, வெளியே அனுப்புகிறார்கள். வாரா வாரம் போய் நிற்பேன், "இன்னும் வரல" என்பார்கள். ஆறாவது வாரம் பொறுமை போய் நானே ஆய்வகத்துக்குப் போனேன். திசு கெடாமல் வைக்கிற ஃபார்மலின் பாட்டிலில் பிளாஸ்டரை ஒட்டி பேனாவால் எழுதிய எண், ஈரம் பட்டு மை கரைந்து 7 என்பது 1 மாதிரித் தெரிந்திருக்கிறது. அப்பாவின் திசு வேறு யாரோ ஒருவர் எண்ணில் அத்தனை நாளும் சும்மா உட்கார்ந்திருந்தது. பிஎஸ்ஏ இவ்வளவு ஏறி, எலும்பிலும் பரவல் தெளிவாகத் தெரிந்தால், அவசரம் என்றால் முடிவுக்குக் காத்திருக்காமலே ஹார்மோன் சிகிச்சையைத் தொடங்கலாம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. எங்களிடம் யாரும் சொல்லவில்லை. இதற்கு ஒரு மார்க் கட்.

அடுத்தது ஹார்மோன். இந்தப் புற்றுநோய்க்குத் தீனி ஆண் ஹார்மோன், அதை நிறுத்தினால் கட்டி சுருங்கும் என்று சார்லஸ் ஹக்கின்ஸ் என்கிற டாக்டர் 1941லேயே காட்டி, 1966இல் நோபல் வாங்கினார். நிறுத்த இரண்டு வழி. மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி, இல்லையென்றால் விதைகளை எடுத்துவிடுகிற சின்ன ஆபரேஷன். இதை எங்களுக்குச் சொன்ன விதம் இருக்கிறதே, வராந்தாவில் நிற்க வைத்து, பக்கத்தில் பத்துப் பேர் கேட்க, "ஊசியா ஆபரேஷனா, பேசிட்டு வாங்க" என்று இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

நல்லவேளை, வார்டில் இருந்த மூத்த சிஸ்டர் எங்களை ஓரமாக உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார். ஆபரேஷன் செய்தால் அரை நாளிலேயே ஹார்மோன் அடிமட்டத்துக்கு வந்துவிடும். ஊசி என்றால் மூன்று நாலு வாரம் ஆகும், அதுவும் முதலில் கொஞ்சம் ஏறிவிட்டுத்தான் இறங்கும், முதுகெலும்பில் கட்டி இருக்கிறவருக்கு அந்த ஏற்றமே ஆபத்து, அதனால் முன்கூட்டியே மாத்திரை கொடுத்துத் தடுக்க வேண்டும். நோயைக் கட்டுப்படுத்துவதில் இரண்டும் ஒன்றுதான். "ஆனா ஊசி எப்பவும் இருக்கும்னு என்னால சத்தியம் பண்ண முடியாது" என்றார். என்னைக் கேட்டால் அந்தப் பிரிவில் யாரும் சொன்னதிலேயே நேர்மையான வார்த்தை அதுதான்.

அப்பா சிரித்தார். "எழுபத்தி மூணு வயசுல அதை வெச்சு நான் என்னடா பண்ணப் போறேன்" என்றார். அன்று ராத்திரி சுவர் பக்கம் திரும்பிப் படுத்தவர் விடியும்வரை திரும்பவே இல்லை, அதையும் எழுதத்தான் வேண்டும்.

மரத்துப்போக ஊசி போட்டு அரை மணி நேரத்தில் ஆபரேஷன் முடிந்தது, மறுநாள் வீடு. ஒரு வாரத்தில் இடுப்பு வலி பாதியாகி, நாலாவது மாதம் பிஎஸ்ஏ 3க்கு வந்தது. பக்கத்துக் கட்டில்காரர் ஊசி கேட்டார், அதில் தப்பே இல்லை, அவர் உடம்பு. மூன்றாவது ஊசி வந்திருக்க வேண்டிய தேதியில் ஸ்டாக் இல்லை, ஐந்து வாரம் அலையவிட்டார்கள். ஊசியோ ஆபரேஷனோ, ஹார்மோன் நின்றால் உடம்பு திடீரென்று தீப்பிடித்த மாதிரி காந்தும், சதை கரையும், எலும்பு பலவீனமாகும் என்பதையெல்லாம் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அப்பா நடு ராத்திரியில் சட்டையைக் கழற்றிவிட்டு வாசலில் உட்கார்ந்திருப்பார், காய்ச்சலோ என்று பயந்து தொட்டுத் தொட்டுப் பார்ப்போம்.

ஒன்றரை வருடம் கழித்து பிஎஸ்ஏ மறுபடி ஏறி, வலது இடுப்பில் வலி வந்தது. ரேடியேஷன் ஒரே ஒரு சிட்டிங், 8 கிரே (கிரே என்பது கதிர்வீச்சின் அளவு). ஏமாற்றுகிறார்களோ என்றுதான் முதலில் நினைத்தேன். எலும்பு வலியைக் குறைப்பதில் ஒரே சிட்டிங்கும் பத்து சிட்டிங்கும் ஒன்றுதான் என்று பல ஆய்வுகளில் உறுதியான விஷயம், திரும்ப ஒருமுறை தேவைப்படும் வாய்ப்பு மட்டும் அதிகம். எங்களுக்கு இரண்டு வாரத்தில் வலி இறங்கியது. கட்டி சுரப்பிக்குள்ளேயே இருப்பவர்களுக்கும் 37 சிட்டிங்குக்குப் பதில் 20தான் வைக்கிறார்கள். பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வில் இரண்டுக்கும் பலன் சமம் என்று 2016இல் வந்துவிட்டது. இருக்கிற ஒரே இயந்திரத்துக்கு வரிசை குறையும், தூரத்திலிருந்து வருகிறவருக்கு மூன்றரை வாரம் மிச்சம். இதையெல்லாம் தெரிந்து செய்கிற டாக்டர்களுக்கு முழு மார்க்.

ஆக என் கணக்கு இதுதான். ஒரே தடவையிலோ ஒரே மூச்சிலோ முடிகிற வேலையை இவர்கள் பிரமாதமாகச் செய்கிறார்கள். திரும்பத் திரும்ப நடக்க வேண்டியது எதுவாக இருந்தாலும் சொதப்பல். ஆண் ஹார்மோனை இன்னும் அடக்குகிற அபிராடிரோன் மாத்திரை 2019 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது, இவர்கள் அலமாரியில் சில மாதம் இருக்கும், சில மாதம் இருக்காது. தட்டுப்பாடு வந்தபோது டாக்டர் வெறும் வயிற்றில் நாலு மாத்திரை என்பதை மாற்றி, சாப்பாட்டோடு ஒன்று என்று எழுதிக் கொடுத்தார், சாப்பாட்டோடு போட்டால் உடம்பு நிறைய உறிஞ்சிக்கொள்ளுமாம், சின்ன ஆய்வு ஒன்றில் பலனும் குறையவில்லையாம். கூடவே பிரெட்னிசோலோன் என்கிற ஸ்டீராய்டு மாத்திரையும் போட வேண்டும், ரத்த அழுத்தம், பொட்டாசியம் எல்லாம் பார்க்க வேண்டும். நீங்களாக இதைச் செய்யாதீர்கள். மார்ஃபினும் அப்படித்தான், இரண்டு வாரத்துக்கு மேல் தரமாட்டார்கள், வாங்க ஒரு ஆள் ஒரு நாளைத் தொலைக்க வேண்டும்.

2020இல் உலகம் முழுக்க வருடத்துக்கு 14 லட்சம் பேருக்கு வந்த இந்த நோய் 2040இல் 29 லட்சம் பேருக்கு வரும் என்று லான்செட் மருத்துவ இதழின் கமிஷன் 2024இல் சொன்னது, வேகமாக ஏறப்போவது வசதி குறைந்த நாடுகளில்தான். இங்கே இன்னும் பிளாஸ்டரில் பேனாவால் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, அந்த அரை மார்க். அதே மூத்த சிஸ்டர் முதல் மாதமே ஓபி நோட்டின் அட்டையில் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்திருந்தார்: "கால் மரத்தால், நடை தளர்ந்தால், மூத்திரம் நின்றால் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம், அன்றே வரவும்." மூன்று மாதம் முன்னால் ஒரு சாயங்காலம் அப்பா செருப்பைப் போட முயன்றார், கால் அதற்குள் போகவில்லை. களைப்பு என்று படுக்க வைக்கத்தான் போனேன், நோட்டு கண்ணில் பட்டது. கட்டி தண்டுவடத்தை அழுத்தியிருக்கிறது. அன்று ராத்திரியே ஸ்டீராய்டு ஊசி, மறுநாள் காலை ரேடியேஷன். விட்டிருந்தால் படுத்த படுக்கைதான் என்றார் டாக்டர்.

போன செவ்வாய்க்கிழமை பிஎஸ்ஏ பார்க்கப் போனோம். ரத்தம் எடுக்கிற ஜன்னல் வரைக்கும் அப்பா கைத்தடியோடு தானே நடந்துபோய், சட்டைக் கையை மடித்து நீட்டினார். கிட் தீர்ந்துவிட்டதாம், அடுத்த வாரம் வரச் சொன்னார்கள்.