பம்பு இருக்கும் இடம்: பழைய ஜாகுவார் எக்ஸ்ஜே6 காரின் பெட்ரோல் பம்பு குறித்து ஒரு நீண்டகால அனுபவம்

1968ஆம் ஆண்டில் அறிமுகமான ஜாகுவார் எக்ஸ்ஜே6 காரின் முதல் வரிசையைச் சேர்ந்த ஒன்றைப் பல ஆண்டுகளாக ஓட்டிவருகிறேன். அதன் சொகுசைப் பற்றி எழுத ஆளுக்குப் பஞ்சமில்லை என்பதால், பெட்ரோல் பம்பைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். இந்தக் காரில் டிக்கியின் இருபுறமும் ஒவ்வொரு பெட்ரோல் டாங்க் இருக்கிறது; ஒவ்வொன்றுக்கும் பின்பக்கத்திலேயே எஸ்யூ என்ற நிறுவனத்தின் தனி மின்பம்பு உண்டு. எந்த டாங்கிலிருந்து எடுப்பது என்பதை டேஷ்போர்டில் உள்ள சுவிட்சால் மாற்றிக்கொள்ளலாம்.

இதற்கு முன் வைத்திருந்த காரில், எஞ்சினுக்குள் சுழலும் கேம்ஷாஃப்ட் என்ற தண்டால் இயங்கும் பம்பு எஞ்சினோடு ஒட்டியே இருந்தது. கடும் வெயிலில் நெரிசலில் ஊர்ந்தால் அந்த வண்டி திணறி நின்றுவிடும்; அரை மணி நேரம் ஆறினால் ஒன்றும் நடக்காததுபோலக் கிளம்பும். பின்னால் இருக்கும் டாங்கிலிருந்து முன்னால் இருக்கும் பம்பு உறிஞ்சும்போது குழாயில் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் பெட்ரோல் இன்னும் தாழ்ந்த வெப்பநிலையிலேயே கொதித்து ஆவியாகிறது. போதாக்குறைக்கு எஞ்சின் சூடும் சேர்ந்துகொள்கிறது. அந்த ஆவி வழியை அடைத்து, பெட்ரோல் வராமல் வண்டி நின்றுவிடும். வேப்பர் லாக் என்பது இதுதான். பம்பு டாங்கின் அருகே இருந்தால் உறிஞ்ச வேண்டிய தூரம் குறைவு. மீதித் தூரம் முழுவதும் பெட்ரோல் தள்ளப்பட்டே வருவதால் கொதிப்பது கடினம். எக்ஸ்ஜே6 காரில் இந்தத் தொல்லையை நான் கண்டதில்லை. பம்பின் தரத்தைவிட அது அமர்ந்திருக்கும் இடமே இதற்குக் காரணம் என்பது என் முடிவு.

இந்த வகை மின்பம்பில் சோலினாய்டு என்ற மின்காந்தம், டயாஃப்ரம் என்ற நெகிழும் சவ்வை இழுக்கும். இழுத்து முடிந்ததும் பாயின்ட் என்ற மின்தொடுமுனை திறந்து மின்சாரம் நிற்க, ஸ்பிரிங் டயாஃப்ரத்தைத் தள்ளி பெட்ரோலை அனுப்பும். கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கி நிற்கும் மிதவை அறை நிரம்பிவிட்டால் பம்பு தானாகவே நிற்கும். சாவியைத் திருப்பியதும் பின்னாலிருந்து விறுவிறுவென்று எழும் டிக் டிக் ஓசை சில நொடிகளில் தளர்ந்து அடங்கிவிட்டால் எல்லாம் சரி. அடங்காமல் வேகமாகவே அடித்துக்கொண்டிருந்தால் டாங்க் காலி, அல்லது உறிஞ்சும் பக்கத்தில் காற்று புகுகிறது. எஞ்சின் ஓடாதபோதும் விட்டுவிட்டு டிக் என்றால் முன்பக்கம் எங்கோ கசிவு, அல்லது மிதவை அறைக்குள் பெட்ரோல் வருவதை நிறுத்தும் ஊசி வால்வு சரியாக மூடவில்லை. ஓசையே இல்லையென்றால் பெரும்பாலும் பாயின்ட் அல்லது எர்த் இணைப்புதான். எந்த அளவுமானியும் இவ்வளவு விவரமாகச் சொல்லாது.

குறைகளும் உண்டு. பயன்படுத்தாமல் விட்ட பக்கத்துப் பம்பின் பாயின்ட் பாசி பிடித்ததுபோல மங்கி வேலைநிறுத்தம் செய்யும் என்பதால் இரு டாங்குகளையும் மாறிமாறிப் பயன்படுத்துகிறேன். எத்தனால் கலந்த பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் தாங்காது. புதிதாக வாங்கிப் போட்ட ஹோஸ் ஒன்றும் சீக்கிரமே வெடிப்பு விட்டது, எனவே எத்தனாலுக்கு ஏற்றது என்று குறிக்கப்பட்ட ஹோஸை மட்டுமே இப்போது வாங்குகிறேன். ஜாகுவாரின் மற்றொரு காரான ஈ-டைப்பின் ஆரம்பகால வண்டிகளில் பம்பை டாங்குக்குள்ளேயே மூழ்க வைத்திருந்தார்கள். குளிர்ச்சிக்கும் அமைதிக்கும் அது நல்ல யோசனைதான், ஆனால் பழுது பார்க்க டாங்கைத் திறக்க வேண்டும்.

கவலை தரும் விஷயம் வேறு. எஞ்சினால் இயங்கும் பம்பு எஞ்சின் நின்றால் நின்றுவிடும். மின்பம்போ மோதலில் குழாய் அறுந்தாலும், சாவி திருப்பியபடியே இருந்தால் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கும். அதனால் அதிர்ச்சியில் தானாக மின்சாரத்தைத் துண்டிக்கும் இனர்ஷியா சுவிட்ச் ஒன்றைப் பம்புகளின் மின்கம்பியில் சேர்த்திருக்கிறேன்.