கையால் எழுதும் கணக்கு நோட்டு: எட்டு மாத அனுபவம்

மூன்று வருடமாக போனில் ஒரு செலவுக் கணக்குச் செயலி வைத்திருந்தேன். வங்கிக் குறுஞ்செய்திகளைப் படித்து, எல்லாவற்றையும் அதுவே பிரித்து வண்ண வட்டமாகக் காட்டிவிடும். மாதக் கடைசியில் ஒரு பார்வை பார்த்துவிட்டு மூடிவிடுவேன். செலவு குறையவே இல்லை. எட்டு மாதத்துக்கு முன்பு அதை நீக்கிவிட்டு, கக்கேபோ முறையில் அச்சடித்த ஒரு நோட்டு வாங்கினேன்.

கக்கேபோ என்றால் ஜப்பானிய மொழியில் வீட்டுக் கணக்குப் புத்தகம். 1904-ல் ஹானி மோட்டோகோ என்ற பெண் பத்திரிகையாளர் கொண்டுவந்த முறை. மாதத் தொடக்கத்தில் வரவை எழுதி, வாடகை, தவணை போன்றவற்றைக் கழித்து, சேமிப்பையும் அப்போதே எடுத்து வைத்துவிட வேண்டும். மிச்சத்தில் செய்யும் செலவுக்கு நான்கு கட்டங்கள்: தேவை, ஆசை, படிப்பும் கலையும், எதிர்பாராதது.

இந்த 'ஆசை'க் கட்டம்தான் என்னைப் பிடித்து உட்கார வைத்தது. ஒருநாள் இரவு பதினொரு மணிக்கு ஒரு ஹெட்போன் ஆர்டர் செய்தேன். வீட்டில் ஏற்கெனவே இரண்டு இருந்தன. அதைத் 'தேவை'யில் எழுதக் கை வரவில்லை. 'ஆசை'யில் எழுதி, ஓரத்தில் "மேலாளரோடு வாக்குவாதம்" என்று குறித்தேன். அதிலிருந்து ஒவ்வொரு செலவுக்கும் பக்கத்தில் அன்றைய மனநிலையை இரண்டு வார்த்தையில் எழுத ஆரம்பித்தேன். இரண்டு மாதம் கழித்துப் புரட்டினால், அந்தக் கட்டத்தில் பாதிக்கு மேல் இரவு பத்து மணிக்குப் பிறகு, ஏதோ ஒரு மனக்கசப்போடு வாங்கியவை. அதுவரை சம்பளம்தான் போதவில்லை என்று நினைத்திருந்தேன்.

அப்புறம் போனில் சேமித்து வைத்திருந்த கார்டு விவரங்களை அழித்தேன். இரவில் எதையாவது வாங்கத் தோன்றினால் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்து, காலையில் பார்க்கிறேன். பலவற்றின் மேல் காலையில் ஆசையே இருப்பதில்லை.

முதல் மாதம் நிறைய நாள் எழுத விட்டுப்போனது. 21 நாளில் பழக்கம் ஒட்டிக்கொள்ளும் என்று பலரும் சொல்லக் கேட்டிருந்ததால், இது நமக்குச் சரிப்படாது என்று மூடி வைக்கவும் பார்த்தேன். லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வைப் படித்த பிறகுதான் தைரியம் வந்தது. ஒரு பழக்கம் தானாக நடக்க சிலருக்கு 18 நாளே ஆகும், சிலருக்கு 254 நாள்கூட ஆகலாம், நடுவாக 66 நாள் என்கிறது அது. ஒருநாள் தவறினால் பெரிதாகக் கெட்டுவிடாது என்றும் சொல்கிறது. எனக்கு மூன்றாவது மாதத்தில்தான் ஒட்டியது.

நோட்டில் குறைகளும் உண்டு. நடுத் தையல் இறுக்கமாக இருப்பதால் விரித்தால் தட்டையாக நிற்காது. கடனுக்கு ஒரே ஒரு வரி. அசல் எவ்வளவு குறைந்தது, வட்டிக்கு எவ்வளவு போனது என்று பிரித்து எழுத இடமில்லை. என் மனைவிக்கு வேலை முடிய முடியத்தான் பணம் வரும். "எனக்கு மாசம் ஒண்ணாம் தேதின்னு ஒண்ணு கிடையாதேங்க, எதை முதல்ல எழுதறது?" என்று கேட்டாள். இந்த அச்சுக் கட்டங்களில் அதற்குப் பதில் இல்லை. நிலையான மாதச் சம்பளக்காரர்கள் தயங்காமல் வாங்கலாம்.

அடுத்த வருடத்துக்கு ஒரு சாதா நோட்டு வாங்கி நாங்களே கட்டம் போடப்போகிறோம். தவணைக்கு மட்டும் ஒரு முழுப் பக்கம்.