ஒரு காப்பகம் இலவசமாகத் திறந்து வைத்திருக்கும் கொரியத் திரை

கொரியப் படம் என்றதும் நம்மில் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருபவை 2000-க்குப் பின் வந்த பழிவாங்கும் கதைகளும், 2020-இல் ஆஸ்கர் வாங்கிய ‘பாராசைட்’டும்தான். அந்தப் படத்தில் ‘மின்சார கண்ணா’வின் சாயல் உண்டா இல்லையா என்று அப்போது இங்கே பெரிய வழக்காடலே நடந்தது. அதன் உண்மையான மூதாதையைப் பார்க்க விரும்புபவர்கள் 1960-க்குப் போக வேண்டும். அதற்குக் காசு எதுவும் தேவையில்லை. 1974-இல் தொடங்கப்பட்ட தென் கொரியாவின் திரைப்படக் காப்பகமான கொரியன் ஃபிலிம் ஆர்க்கைவ், ‘கொரியன் கிளாசிக் ஃபிலிம்’ என்ற தன் யூடியூப் சேனலில் பழைய படங்களை முழு நீளத்தில், ஆங்கில சப்டைட்டிலுடன், இலவசமாக வைத்திருக்கிறது. ஆசியப் படங்களைத் தேடிப் பார்க்கும் ஆசையில் எந்த ஓடிடிக்குச் சந்தா கட்டலாம் என்று கேட்பவர்களுக்கு, முதலில் இதைப் பார்த்து முடியுங்கள் என்றே சொல்வேன்.

சேனலைத் திறந்தவுடன் ஒரு திகைப்பு ஏற்படும். இருநூறுக்கும் மேற்பட்ட படங்கள். பெயர் தெரிந்த நடிகர் ஒருவரும் இல்லை. எதில் தொடங்குவது என்று கைகாட்ட ஆளில்லை. எனக்குப் பட்ட நல்ல வாசல், ஒரே ஓர் ஆண்டுக் காலம். 1960 ஏப்ரலில் மாணவர் எழுச்சியால் தென் கொரிய அதிபர் சிங்மன் ரீ பதவி இழந்தார். 1961 மே மாதத்தில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. இடையில் தணிக்கையின் பிடி தளர்ந்திருந்த அந்தச் சிறிய காலத்தில்தான் ‘தி ஹவுஸ்மெய்ட்’, ‘எ கோச்மேன்’, ‘எய்ம்லெஸ் புல்லட்’ ஆகிய மூன்றும் அடுத்தடுத்து வெளியாயின.

கிம் கி-யங் இயக்கிய ‘தி ஹவுஸ்மெய்ட்’ முதலில் வரட்டும். நூற்பாலைப் பெண்களுக்கு இசை கற்றுக்கொடுக்கும் ஒருவர், மனைவியின் தையல் உழைப்பும் சேர்ந்து கட்டிய புது மாடிவீட்டுக்கு ஒரு வேலைக்காரப் பெண்ணை அமர்த்துகிறார். அவள் வந்த உடனேயே அடுப்படியில் எலியைப் பிடித்துக் கையில் தூக்கிக் காட்டுகிறாள். அந்த எலிக்காக வாங்கி வைத்த பாஷாணம் அதன்பின் வீட்டில் யார் யாருக்கு ஒரு தம்ளர் தண்ணீர் நீட்டினாலும் நம்மைப் பதற வைக்கிறது. படத்தில் பாதிப் பயம் மாடிப்படியில் இருக்கிறது. ஊன்றுகோலோடு அந்தப் படியில் ஏறப் பழகும் மகள், கீழிருந்து ஏறிவரும் ஆசை, மேலிருந்து உருளும் உடல் என்று ஒரு குடும்பத்தின் அந்தஸ்து முழுவதையும் அந்த மரப்படிகளிலேயே அளந்துவிடுகிறார் இயக்குநர். ‘பாராசைட்’ இயக்குநர் போங் ஜூன்-ஹோ தன் படத்துக்குத் தூண்டுதலாக இதைக் குறிப்பிட்டிருப்பதில் வியப்பில்லை.

இந்தப் படத்தின் நெகட்டிவில் இரண்டு ரீல்கள் காணாமற்போயிருந்தன. பின்னர் கிடைத்த பிரதியில் அந்தப் பகுதிகள் இருந்தாலும், காட்சிகளின் மேலேயே ஆங்கில வசனம் கையால் எழுதப்பட்டிருந்தது. 2008-இல் முடிந்த புதுப்பித்தலில் அந்த எழுத்துகளை ஃபிரேம் ஃபிரேமாக நீக்க வேண்டியிருந்தது. கவனித்துப் பார்த்தால், கண்ணாடிபோல் தெளிந்த படம் சட்டென்று மங்கிச் சற்றுப் பிசுபிசுப்பதும், பிறகு பழையபடி தெளிவதும் தெரியும். எனக்கு அது குறையாகத் தோன்றவில்லை; எந்தப் பகுதி எந்தப் பிரதியிலிருந்து வந்தது என்பதை அதுவே காட்டிவிடுகிறது. நம் பழைய படங்களும் யூடியூபில் கிடைக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் பாட்டு வெட்டப்பட்டு, மூலையில் நிறுவன முத்திரையோடு, எந்தப் பிரதியிலிருந்து வந்தது என்ற விவரமே இல்லாமல் கிடைக்கின்றன.

யூ ஹ்யொன்-மோக்கின் ‘எய்ம்லெஸ் புல்லட்’ வேறு வகை. போரில் வடக்கிலிருந்து அகதியாக வந்து சேரிக் குடிசையில் வாழும் குடும்பம்; கணக்கு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருக்கும் மூத்தவனுக்குப் பல்வலி, பிடுங்கிக்கொள்ளக் காசில்லை. படுக்கையில் கிடக்கும் தாய் “போவோம், போவோம்” என்று அவ்வப்போது அலறுகிறாள். எங்கே போவது என்பதற்குப் படத்தில் எவரிடமும் பதில் இல்லை. ராணுவ ஆட்சி இதைத் தடை செய்தது. சான் பிரான்சிஸ்கோ விழாவுக்கு அனுப்பப்பட்ட, ஆங்கில வசனம் பதிந்த பிரதி வழியாகவே படம் பிழைத்தது. அந்தக் குமாஸ்தாவாக நடித்த கிம் ஜின்-க்யூதான் ‘ஹவுஸ்மெய்ட்’டின் இசை ஆசிரியர் என்பதை, இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கும்போது நம்பவே சற்று நேரமாகும்.

‘எ கோச்மேன்’ இவற்றைவிட இளகிய படம். மனைவியை இழந்த குதிரைவண்டிக்காரராக வரும் கிம் சுங்-ஹோவின் நடிப்புக்காக மட்டுமே பார்க்கலாம். 1961 பெர்லின் விழாவில் விருதும் பெற்றது. அறுபதுகளின் தமிழ்க் குடும்பப் படங்களில் ஊறியவர்களுக்கு இதில் அந்நியமாக எதுவும் இராது.

இவற்றுக்குப் பிறகு முன்னும் பின்னும் நகரலாம். கொரியாவின் முதல் பெண் இயக்குநர் பார்க் நாம்-ஓக், கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு எடுத்த ‘தி விடோ’ (1955) முடிவில்லாமலேயே நிற்கிறது. கடைசிப் பகுதியில் ஒலி இல்லை, இறுதிக் காட்சியும் கிடைக்கவில்லை. லீ மான்-ஹீயின் ‘எ டே ஆஃப்’ (1968) தணிக்கையால் முடக்கப்பட்டு, 2005-இல்தான் திரைக்கு வந்தது. காசில்லாத காதலர் இருவரின் ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லும் இந்தப் படத்தை, மொத்தச் சேனலிலும் ஒன்றே ஒன்றைச் சொல் என்று வற்புறுத்தினால் சொல்வேன்.

குறைகளும் உண்டு. படத்தின் பின்னணியை விளக்கும் குறிப்புகள் போதாது. மேலே சொன்ன அரசியல் தேதிகளைப் பார்ப்பவரே தேடித் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. ஐம்பதுகளின் படங்கள் சிலவற்றில் ஒலி கரகரப்பதால் ஹெட்ஃபோன் நல்லது. சப்டைட்டில் தானாக ஓடாவிட்டால் சிசி பொத்தானை அழுத்திக்கொள்ள வேண்டும். யூடியூபின் தானியங்கித் தமிழ் மொழிபெயர்ப்பை நம்பி உட்கார வேண்டாம், ஆங்கிலத்திலேயே படிப்பது மேல். பூசான், கான்ஸ் திரைப்பட விழாக்களுக்குப் போய்வரும் இன்றைய இயக்குநர்களைத் தேடி வருபவர்களுக்கு இங்கே அதிகம் கிடைக்காது. அவர்கள் முபி போன்ற ஓடிடி தளங்களுக்குத்தான் போக வேண்டும். மற்றவர்கள் 1960-இல் தொடங்கி, இம் க்வொன்-தேக்கின் ‘மண்டலா’ (1981) வரை வரிசையாக வரலாம். அதில் இளம் பிக்குவாக வரும் ஆன் சுங்-கி, ‘ஹவுஸ்மெய்ட்’ வீட்டில் அக்காவைக் கேலி செய்துகொண்டு படியேறிய அதே சிறுவன்தான்.