பொலேரோ பிக்அப்பில் ஏர் டிஃப்ளெக்டர்: ஆறு மாத ஓட்டத்தின் கணக்கு

ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து பழனி, உடுமலை, பொள்ளாச்சி வழியாகப் பாலக்காட்டுக்குக் காய்கறி ஏற்றிச் செல்லும் எங்கள் பொலேரோ பிக்அப்பின் கேபின் கூரைமேல் எதிர்க்காற்றைச் சரக்குக்கு மேலே திருப்பிவிட்டு டீசலை மிச்சப்படுத்தும் ஃபைபர் தகடான ஏர் டிஃப்ளெக்டர் ஒன்றைப் பொருத்தி ஆறு மாதங்கள் ஆகின்றன. கூலியும் சேர்த்து 5,200 ரூபாய் ஆயிற்று. வாங்கலாமா என்று கேட்கும் வண்டிக்காரர்களுக்கு வாங்கலாம் என்றே சொல்வேன். ஆனால் அதைவிடக் குறைந்த செலவில் முடியும் வேலைகளை முதலில் முடித்துவிட வேண்டும்.

எங்கள் வண்டி 2523 சிசி டீசல் எஞ்சின் கொண்டது. மாதம் சுமார் 4,000 கிலோமீட்டர் ஓடுகிறது. ஒரே பங்க்கில் டேங்க்கை நிரப்பி, அடுத்த முறை நிரப்பும்போது போட்ட லிட்டரால் ஓடிய தூரத்தை வகுத்து, ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு மாதச் சராசரியை எடுத்தேன். ஒரு நடையை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் எதிர்க்காற்றும் சரக்கின் எடையும் நம்மை ஏமாற்றிவிடும். தொடக்கத்தில் லிட்டருக்கு 10.8 கிலோமீட்டர் கிடைத்தது.

முதலில் வாங்கியது 600 ரூபாய் விலையுள்ள காற்றழுத்த மானி. டயர் சூடாவதற்கு முன், விடியற்காலையில் அளந்து பார்த்தபோது, பின் டயர்கள் இரண்டிலும் வண்டிக் கம்பெனி முழு லோடுக்குக் குறித்திருக்கும் அளவைவிடக் காற்று வெகுவாகக் குறைந்திருந்தது. காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக நசுங்கி விரிவதால், எஞ்சின் தரும் ஆற்றலில் ஒரு பகுதி டயரைச் சூடாக்குவதிலேயே போய்விடுகிறது. அதே வாரம் வீல் அலைன்மென்ட் பார்த்தேன். பின்சக்கரம் ஒன்றின் பிரேக் டிரம்மில் பிரேக் ஷூ இறுக்கமாக உரசிக்கொண்டிருந்ததையும் சரிசெய்தேன். வண்டி நின்றதும் அந்தச் சக்கரத்தின் அருகே கையைக் கொண்டுபோனாலே மற்றவற்றைவிட அதிகச் சூடு தெரிந்தது. இந்த இரண்டுக்கும் 1,100 ரூபாய். அடுத்த மாதச் சராசரி 11.6 ஆக உயர்ந்தது. மாதம் ஏறத்தாழ 25 லிட்டர் மிச்சமானதால், போட்ட பணம் ஒரு மாதத்துக்குள்ளேயே திரும்பிவிட்டது.

அதன் பிறகுதான் டிஃப்ளெக்டர். வளைவுக் கம்பிகளின்மேல் தார்ப்பாய் கட்டிய எங்கள் வண்டியில் சரக்கு கேபினைவிட இரண்டடிக்கு மேல் உயர்ந்து நிற்கும். அந்தத் தட்டையான முகப்பில் காற்று நேராக மோதுகிறது. வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் காற்றுத்தடை கூடுவதால், 60 கிலோமீட்டர் வேகத்தில் இருப்பதைவிட 80-இல் அது கிட்டத்தட்ட 78 விழுக்காடு அதிகம். டிஃப்ளெக்டர் அந்தக் காற்றைத் தார்ப்பாயின் மேல்விளிம்புக்கு ஏற்றிவிடுகிறது. பொருத்திய பிறகு சராசரி 12.2-க்கு வந்தது. இதில் மிச்சமாகும் டீசல் மாதம் 17 லிட்டர் என்பதால் நான்கு மாதத்துக்குள் விலை கழிந்துவிட்டது. பொள்ளாச்சி தாண்டி எதிர்க்காற்று வீசும் நாள்களில் டாப் கியரை மாற்றாமலேயே வண்டி இழுப்பதை ஓட்டுபவரால் உணரவும் முடிகிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும். பொருத்திக் கொடுத்த பட்டறையில் போட்ட சாதாரண இரும்பு போல்ட்டுகள் முதல் மழையிலேயே துருப்பிடித்தன. கூரையில் போட்ட துளை வழியாகத் தண்ணீர் கசிந்தது. எவர்சில்வர் போல்ட்டும் ரப்பர் வாஷரும் வாங்கிக் கொடுத்து, சிலிக்கான் பூசி மறுபடி மாட்டச் செய்த பிறகே கசிவு நின்றது. டிஃப்ளெக்டரின் உச்சி தார்ப்பாயின் முன்விளிம்போடு ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும் என்பதை அளந்து பார்க்காமல் மாட்டிவிடும் இடங்களும் உண்டு. இன்னொன்று, செங்கல், ஜல்லி, சிமெண்ட் என்று கேபின் உயரத்துக்குக் கீழே நிற்கும் சரக்கை ஏற்றுபவர்களுக்கும், ஊருக்குள் 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுபவர்களுக்கும் இதனால் பயனில்லை. பின்னால் உயரமான சரக்கு இல்லாதபோது டிஃப்ளெக்டரே காற்றைத் தடுக்கும் பலகையாகிவிடுகிறது. எங்களுக்குத் திரும்பும் நடையிலும் காலிக் காய்கறிப் பெட்டிகளை உயரமாக அடுக்கி வருவதால் அந்த நட்டம் இல்லை. வெறும் வண்டியாகத் திரும்புபவர்கள் மடக்கிச் சாய்க்கும் வகையைத் தேடி வாங்குவது நல்லது.

மைலேஜ் கூடும் என்று சொல்லி விற்கும், டீசல் குழாயில் மாட்டும் காந்தத்தை மட்டும் யாரும் வாங்க வேண்டாம். 1,800 ரூபாய் கொடுத்து ஒரு மாதம் ஓட்டியதில் சராசரி இம்மியும் நகரவில்லை. இன்றைய டீசல் எஞ்சின் தனக்குள் வரும் எரிபொருளை ஏறத்தாழ முழுமையாகவே எரித்துவிடுகிறது. இழப்பு ஏற்படுவது வெப்பமாக வெளியேறும் ஆற்றலில்தான், அதைக் காந்தத்தால் மீட்க முடியாது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை எரிபொருளைச் சேமிப்பதாக விற்கப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளை ஆராய்ந்து, மிகச் சிலவற்றில் மட்டுமே, அதுவும் சொற்பமான பயனையே கண்டது.

டிஃப்ளெக்டரை மாட்டிய முதல் 500 கிலோமீட்டரில் அதிர்வால் போல்ட்டுகள் தளர்கின்றன. அப்போது ஒருமுறையும், பிறகு ஒவ்வொரு சர்வீஸின்போதும் அவற்றை இறுக்கிவிட வேண்டும்.