ஆத்தங்குடிக் கல் தரையில் 40 எம்எம் ஜிக்சா மேட்: 120 கிலோ ஆள் விழுந்தால் தாங்குமா?

கடையில் ‘கபடி மேட்’ என்று கேட்டால் எடுத்துப் போடுவது அநேகமாக இதுவாகத்தான் இருக்கும். 1 மீட்டருக்கு 1 மீட்டர், ஒன்றோடொன்று கோர்க்க ஓரத்தில் பல் வெட்டிய, ரப்பர் போன்ற ஈவிஏ ஃபோம், ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் நீலம். 20, 25, 30, 40 எம்எம் கனங்களில் வருகிறது. இங்கே எடுத்துக்கொண்டது 40 எம்எம். அதுவும் கபடிக்கு அல்ல, புரோ ரெஸ்லிங் பயிற்சிக்கு; அதாவது டிவியில் வருவது போல, இருவரும் ஒத்துழைத்து ஆடிக் காட்டும் மல்யுத்தம். ஒரு பக்கம் 75 கிலோ டெக்னிக்கல் ஆள்: பூட்டுப் போடுவது, காலை முறுக்குவது, தரையில் படுக்கவைத்து வேலை பார்ப்பது. எதிரே 120 கிலோ ஆள், ஆனால் மெதுவானவர் இல்லை. கரணம் அடிப்பார், எம்பி இரண்டு காலாலும் உதைக்கும் டிராப்கிக் போடுவார். மேட்டுக்கு உண்மையான பரீட்சை இந்த ஜோடிதான். சின்னவர் செய்கிற வேலைக்கு 25 எம்எம்மே போதும். பெரியவர் விழும் இடத்தில்தான் மேட்டின் யோக்கியதை தெரியும்.

1993 ஜூனில் அமெரிக்காவின் டேட்டனில் நடந்த ‘கிங் ஆஃப் த ரிங்’ புரோ ரெஸ்லிங் தொடரின் இறுதிப் போட்டி இந்த வகை ஆட்டத்துக்கு நல்ல பாடம். அதில் ஆடிய பாம் பாம் பிகலோவுக்கு அறிவிப்பில் சொன்ன எடை 390 பவுண்டு, சுமார் 177 கிலோ. அந்த உடம்பை வைத்துக்கொண்டு கார்ட்வீல் அடிப்பார், மேல் கயிற்றில் ஏறித் தலையால் பாய்வார். அவரைவிட 150 பவுண்டுக்கு மேல் குறைவான பிரெட் ஹார்ட் கடைசியில் ஜெயித்தது, கால்களைப் பின்னி ஆளைக் குப்புறத் திருப்பும் தன் பேர்போன ஷார்ப்ஷூட்டர் பூட்டில் அல்ல, தோளில் ஏறி உருட்டிப் போடும் விக்டரி ரோலில். தூக்க முடியாத ஆளை அவர் எடையை வைத்தே கவிழ்த்தார். ஆனால் அவர்கள் விழுந்தது ரிங்கில். இரும்புச் சட்டம், அதன்மேல் பலகை, மெல்லிய ஃபோம், கேன்வாஸ். ரிங்கில் அடியை வாங்கிக்கொள்வதில் பெரும்பங்கு வளைந்து கொடுக்கும் பலகைக்கும் சட்டத்துக்கும்தான். ஃபோமின் பங்கு குறைவு. செட்டிநாட்டு வீட்டின் ஆத்தங்குடிக் கல் தரை ஒரு இழைகூட வளையாது. பலகையும் சட்டமும் செய்கிற வேலையை இங்கே 4 சென்டிமீட்டர் ஃபோம் தனியாகச் செய்தாக வேண்டும்.

வாங்கப் போகும்போது தராசு முக்கியம். 40 எம்எம் மேட் ஒன்றின் கன அளவு 0.04 கன மீட்டர். கன மீட்டருக்கு 100 கிலோ அடர்த்தி என்றால் ஒரு மேட் 4 கிலோ இருக்க வேண்டும். தராசு 2.5 காட்டினால் அடர்த்தி 60 சொச்சம்தான். பிள்ளைகள் விளையாடும் அறைக்கு வாங்கிப் போடலாம். பில்லில் ‘ஹை டென்சிட்டி’ என்று எழுதிக் கொடுப்பதற்கு ஒரு மதிப்பும் இல்லை. அடுத்த சோதனை முட்டி. மேட்டைச் சிமெண்டுத் தரையில் போட்டு, முழு எடையையும் ஒற்றை முட்டியில் இறக்குங்கள். அடியில் தரை ‘தட்டினால்’ அந்த மேட் வேண்டாம். இதைச் செய்ய 120 கிலோ ஆளைக் கடைக்கே கூட்டிப் போவது உத்தமம். 6 மீட்டர் சதுரத்துக்கு 36 மேட் வேண்டும். ஒரே லாட்டில் வாங்கிவிடுங்கள். வேறு லாட்டில் வந்தது அரை சென்டிமீட்டர் முன்பின் இருந்தாலும் பல் கடிக்காது.

அடுத்து தரை. ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடிமேல் சாயக்கலவை ஊற்றி வார்க்கிறார்கள். அதனால் முகம் கண்ணாடி போலவே வரும். தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்துப் பழகிய வீடு என்றால் இன்னும் வழுக்கும். அதன்மேல் மேட் மொத்தமாக நகரும், கோர்த்த பல் ஒரு பக்கம் விரியும். இரட்டைப் பக்க டேப் ஒட்டலாமே என்று தோன்றும், ஒட்டவே கூடாது. இந்தக் கல் சூளையில் சுட்டது இல்லை, சிமெண்டும் மணலும்தான். சாயம் மேலாக மட்டும் இருக்கிறது, பசை உள்ளே இறங்கிக் கறையாகிவிடும். வீட்டு ஆச்சி அதற்கப்புறம் உங்களை முகப்புத் திண்ணையைத் தாண்டவே விடமாட்டார். சரியான வழி நான்கு பக்கமும் மரச்சட்டம் அடித்து, அதற்குள் மேட்டை இறுக்கி அடைப்பது. சட்டத்தைத் தரையோடு பிணைக்க வேண்டாம், மூலைகள் ஒன்றோடொன்று பிணைந்திருந்தால் போதும். சட்டத்தின் மேல்விளிம்பு மேட்டைவிட ஒரு விரற்கடையாவது தாழ்ந்திருக்கட்டும். இல்லாவிட்டால் கணுக்கால் அதில் போய் இடிக்கும்.

இனி ஆட்டம். டெக்னிக்கல் ஆள் பெரியவரோடு தோளோடு தோள் கோர்த்து நிற்கக் கூடாது, அங்கே எடைதான் ஜெயிக்கும். கைக்கு அடியில் குனிந்து பின்பக்கம் போய், இடுப்பைப் பிடிப்பது போல் காட்டி, காலுக்கு இறங்க வேண்டும். அமெரிக்கப் பாணியில் எதிராளியின் இடப்பக்கக் கை காலில் வேலை செய்வதுதான் வழக்கம், மெக்சிகோவில் வலப்பக்கம். எந்தப் பாணியானாலும், பெரியவர் எந்தக் காலை ஊன்றி எம்புகிறார் என்பதை முதல் சில நிமிடங்களிலேயே பார்த்துவிட வேண்டும். அந்தக் கால் ‘போனால்தான்’ பறப்பதை நிறுத்துவார், பார்ப்பவருக்கும் கதை புரியும். டோ ஹோல்ட், முட்டிப் பூட்டு, ஃபிகர் ஃபோர் போன்ற கால் பூட்டுகள் எல்லாம் இந்த மேட்டில் அருமையாக வருகின்றன. முழங்கை ஊன்றினால் வலிக்கவில்லை, பிடிமானமும் இருக்கிறது. மேல்முகத்தின் சொரசொரப்பு மட்டும் முழங்கையையும் முட்டியையும் சிராய்க்கும். முழுக்கை பனியனும் முட்டிப் பேடும் போட்டுக்கொண்டால் தொல்லை இல்லை. ஷார்ப்ஷூட்டரில் சிக்கல் மேட்டால் வருவதில்லை, பெரியவரின் தொடையால் வருகிறது. தொடை பெருத்த ஆளின் கால்களைக் குறுக்கே பின்னி அக்குளில் அடக்க நேரம் பிடிக்கும். அவரைத் திருப்புமுன் உங்கள் உள்கால் அவர் இடுப்பை ஒட்டி ஊன்றியிருக்க வேண்டும்.

இந்த மேட்டில் பயப்பட வேண்டிய பிடி டிராகன் ஸ்க்ரூ. காலைப் பிடித்து உள்பக்கமாகச் சுழலும்போது, வாங்குகிறவர் ஊன்றிய காலிலிருந்து எம்பிக் கூடவே உருள வேண்டும். கனத்த ஆளின் பாதம் 40 எம்எம் ஃபோமில் புதைந்து நிற்கிறது, ரப்பர் அடி ஷூ வேறு கவ்விக்கொள்கிறது. உடம்பு திரும்பும், பாதம் திரும்பாது. நடுவில் மாட்டுவது முட்டி ஜவ்வு. ஒரு மேட்டும் இன்னொன்றும் கோர்க்கும் இடத்தில் கட்டைவிரல் மாட்டினால் இன்னும் மோசம். பழகுகிற வரை வெறும் சாக்ஸோடு, பாதி வேகத்தில், மேட்டின் நடுப்பகுதியில் மட்டும் செய்யுங்கள்.

விக்டரி ரோலில், பின்னாலிருந்து பெரியவரின் தோளில் ஏறி, முன்பக்கமாகச் சரிந்து உருண்டு, அவர் கால்களைக் கொக்கி போட்டு இழுத்து அவரை மல்லாத்த வேண்டும். 75 கிலோ கழுத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நிலையில் 120 கிலோ உருள்கிறது. பெரியவர் முட்டியை மடக்கித் தாழ்ந்து, தாடையை நெஞ்சில் ஒட்டி, தோள்பட்டையில் உருள வேண்டும். அவர் நிமிர்ந்தே நின்றால் முகம்தான் முதலில் தரைக்கு வரும். இதை ஒற்றை அடுக்கு தாங்குகிறது, ஏனென்றால் இது விழுவதில்லை, உருளுவது.

விழுவது வேறு. மல்லாந்து பம்ப் எடுக்கும்போது, அதாவது முதுகடித்து விழும்போது, மேல்முதுகு முழுதும் ஒரே நேரத்தில் பட, கைகள் 45 டிகிரியில் உள்ளங்கை கவிழ்ந்து அடிக்கும். எடை பரவுகிறது, 4 கிலோ மேட் சமாளிக்கிறது. டிராப்கிக் போட்டு இறங்கும் 120 கிலோ ஆள் இடுப்பெலும்பின் ஒரு பக்கத்தில் விழுகிறார். அங்கே ஃபோம் கடைசிவரை அமுங்கி, கல் தட்டுகிறது. சென்டன், மூன்சால்ட் போன்ற பாய்ந்து விழும் வித்தைகள் பற்றிப் பேசவே வேண்டாம். 2003-இல் சியாட்டிலில் நடந்த ரெஸில்மேனியாவில் பிராக் லெஸ்னர் கர்ட் ஆங்கிள்மேல், மேல் கயிற்றிலிருந்து அந்தரத்தில் கரணமடித்து விழும் ஷூட்டிங் ஸ்டார் பிரஸ் போடப் போய், சுழற்சி போதாமல் தலையில் விழுந்தார். அத்தனை பெரிய மேடையில், அத்தனை பயிற்சி உள்ளவருக்கே அந்தக் கதி. இந்த மேட்டில் உயரத்திலிருந்து எதுவும் வேண்டாம்.

இரண்டு அடுக்கு போடலாமே என்றால், 80 எம்எம்மில் நிற்கும் கால் ஆடுகிறது, சின்னவரின் வேகமே போய்விடும். அதைவிட, 10 செ.மீ. உயர ஃபோம் கட்டைகளை ஓரடி இடைவெளியில் பரப்பி, அதன்மேல் 12 எம்எம் பிளைவுட்டை இரண்டு அடுக்காக, இணைப்புகள் ஒன்றின்மேல் ஒன்று வராமல் மாற்றிப் போட்டுத் திருகி, மேலே இந்த மேட்டை விரியுங்கள். ஜிம்னாஸ்டிக்ஸ் தளத்தின் தத்துவம் இதுதான். தரை வளைந்து கொடுக்கும், ஆத்தங்குடிக் கல்லும் பிழைக்கும். சட்டத்தை மட்டும் அந்த உயரத்துக்குத் தகுந்தபடி அடிக்க வேண்டும். செலவு கூடும்தான், பெரியவர் பறக்கப் போகிறார் என்றால் வேறு வழியில்லை. டிராப்கிக் மட்டும் பழக, 20 செ.மீ. கிராஷ் மேட் (விழுவதற்கான தடித்த மெத்தை) ஒன்றை விழும் இடத்தில் இழுத்துப் போட்டாலும் நடக்கும்.

வளவில் (முற்றத்தைச் சுற்றிய உள்பகுதியில்) விரிப்பவர்கள் முற்றத்து வெயில் விழும் ஓரத்தைத் தவிர்க்கவும். ஈவிஏ சூட்டில் சுருங்கும். சித்திரை வெயில் தொடர்ந்து பட்டால் பல் இடுக்கு திறந்து, விரல் மாட்டும் அளவுக்கு வந்துவிடும். புது மேட்டின் வாடை போக நிழலில் சில நாள் பிரித்து வைத்தால் போதும். துடைக்க சோப்புத் தண்ணீர் மட்டும்; பினாயிலும் ப்ளீச்சிங்கும் மேல்முகத்தை வெளிறடிக்கும். வாரம் ஒருமுறை முழுதாகத் தூக்கி அடியைக் காய விடுங்கள். வேர்வையும் துடைத்த தண்ணீரும் அடியில் தங்கினால் கல்லில் உப்புப் பூக்கும், அதைத் தேய்த்து எடுப்பதற்குள் சாயம் மங்கிவிடும். பிளைவுட் போட்டவர்கள் அதன் அடிப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். இந்தப் பக்கம் கரையான் சும்மா இருக்காது.