தால் ஏரியா, தாய்லாந்தா: மிதக்கும் சந்தையில் பேரம் எங்கே படியும்?

டெல்லித் தமிழருக்குப் பேரம் பேச யாரும் சொல்லித்தர வேண்டாம். சரோஜினி நகரில் கேட்ட விலையில் பாதி சொல்லி, முகத்தைத் திருப்பிக்கொண்டு நாலு எட்டு நடந்தால், பின்னாலிருந்து ‘அச்சா, லே லோ’ (சரி, எடுத்துக்கோ) என்று குரல் வந்துவிடும். மிதக்கும் சந்தையில் அந்த நாலு எட்டுக்கு வழியில்லை. நீங்கள் உட்கார்ந்திருப்பது படகில், துடுப்பு இன்னொருவர் கையில். எந்தக் கடைப் பக்கம் ஒதுங்குவது, எப்போது கிளம்புவது எல்லாம் அவர் முடிவு. அதனால் பொருளின் விலையைவிட, படகில் ஏறும் முன் பேசும் பேச்சுதான் முக்கியம். அப்புறம், அந்தச் சந்தை யாருக்காக நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

விடுமுறைக்கு ஸ்ரீநகரா, பாங்காக்கா என்று முனிர்காவிலும் மயூர் விஹாரிலும் பல வீடுகளில் பேச்சு ஓடுகிறது. ஸ்ரீநகருக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம், பாங்காக்குக்கு நாலு மணி நேரத்துக்கு மேல். இரண்டு இடத்திலும் மிதக்கும் சந்தை உண்டு என்பதைத் தவிர ஒற்றுமை குறைவு.

ஸ்ரீநகரில் தால் ஏரியின் காய்கறிச் சந்தை நமக்காக நடப்பதே இல்லை. நாணலும் பாசியும் சேறும் சேர்த்துக் கட்டிய மிதக்கும் தோட்டங்கள் ஏரிக்குள் இருக்கின்றன. அங்கே விளைந்ததைப் படகில் ஏற்றிக்கொண்டு, விடியும் நேரத்தில் விவசாயிகள் ஓரிடத்தில் கூடுவார்கள். டர்னிப், முள்ளங்கி, ஹாக் என்கிற கீரை, நம் வீட்டில் வற்றலாகப் பொரிக்கிற தாமரைத்தண்டு எல்லாம் படகு விட்டுப் படகு மாறும். வாங்குகிறவர்கள் ஊர்ச் சந்தை வியாபாரிகள். இது மொத்த வியாபாரம், ஏழு மணிக்குள் ஏறக்குறைய முடிந்துவிடும். பூலெவார்ட் சாலைப் படித்துறையிலிருந்து முக்கால் மணி நேரமாவது துடுப்புப் போட வேண்டியிருப்பதால், இருட்டோடு கிளம்பினால்தான் பார்க்கலாம். அங்கே போய் ஒரு கிலோ தக்காளிக்குப் பேரம் பேசுவது அவர்கள் வேலையைக் கெடுப்பதுதான். வேடிக்கை பாருங்கள், படம் எடுக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள், போதும்.

உங்களுக்கான வியாபாரம் அந்தச் சந்தையைச் சுற்றி நடக்கிறது. குங்குமப்பூ, காகிதக்கூழ் டப்பா, வெள்ளி வளையம் என்று ஆளாளுக்குச் சின்னப் படகில் வந்து நீங்கள் போகும் ஷிகாரா என்கிற துடுப்புப் படகை ஒட்டி நிற்பார்கள். ஒருவர் போனால் அடுத்தவர். இங்கே டெல்லிக்காரருக்கு ஒரு வசதி, நம் இந்தி அப்படியே செல்லும். காகிதக்கூழ்ப் பெட்டிக்குத் தாராளமாகப் பேரம் பேசலாம், பாதியில் ஆரம்பித்தாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். குங்குமப்பூவை மட்டும் படகில் வாங்காதீர்கள். காஷ்மீர்க் குங்குமப்பூவுக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்த முத்திரையோடு கடையிலோ, அது விளைகிற பாம்பூரிலோ வாங்குவதுதான் சரி. விலை குறையக் குறையச் சந்தேகம் கூட வேண்டிய சரக்கு அது.

ஷிகாரா வாடகைக்கு அரசு விலைப்பட்டியல் உண்டு, படித்துறைப் பலகையைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். கூடவே, ‘பாய் சாப், துகான் நஹீ, சிர்ஃப் சப்ஜி மண்டி’ (அண்ணா, கடை வேண்டாம், காய்கறிச் சந்தை மட்டும்) என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் திரும்பும் வழியில் சால்வைக் கடை வாசலில்தான் படகு நிற்கும்.

தாய்லாந்தில் எல்லோரும் போகிற தம்னன் சதுவாக் இதற்கு நேர் எதிர். பாங்காக்கிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டரில், ராட்சபுரி மாகாணத்தில் இருக்கிறது. நான்காம் ராமா மன்னர் காலத்தில், 1860-களில், இரண்டு ஆறுகளை இணைக்கத் தோண்டிய கால்வாயில் நடக்கும் சந்தை அது. சாலைகள் வந்ததும் சரக்கு லாரிக்கு மாறியது, கால்வாயில் சுற்றுலாப் பயணி மிச்சம். பனையோலைத் தொப்பி போட்ட பெண்கள் பழமும் நூடுல்ஸும் விற்பது உண்மைதான். ஆனால் கரைக்கடைகளில் இருக்கும் யானைப் படக் கால்சட்டையும் மரத்தில் செய்த தவளை பொம்மையும் பாங்காக்கின் சதுசக் சந்தையிலும் கிடைக்கும், பெரும்பாலும் மலிவாக. கடைக்காரர்கள் நீளக் கொக்கி போட்டு உங்கள் படகை இழுத்துக்கொள்வார்கள். நாலு எட்டு நடப்பவரைப் பிடித்து வைக்கும் ஏற்பாடு!

பேரம் கால்குலேட்டரில் நடக்கும். அவர் ஓர் எண் அடிப்பார், நீங்கள் ஓர் எண் அடிப்பீர்கள். சிரித்துக்கொண்டே அடிக்க வேண்டும், குரல் உயர்ந்தால் வியாபாரம் அங்கேயே முடிந்தது. காலையில் முதல் ஆளாகப் போவது நல்லது. போணிக்கு அங்கேயும் மதிப்பு உண்டு, முதல் விற்பனையில் வந்த நோட்டால் மற்றச் சரக்கைத் தட்டிக்கொள்வார்கள். ஆனால் இப்படி மிச்சம் பிடிப்பதெல்லாம் சில்லறை, பெரிய பணம் படகு வாடகையில்தான் போகும். டாக்ஸிக்காரர் சந்தைக்குச் சற்று முன்னாலேயே ஒரு தனியார் படகுத்துறையில் இறக்கிவிட்டு, ‘இங்கிருந்து படகில்தான் போகணும்’ என்பார். கமிஷன் விவகாரம் அது. சந்தை வாசலுக்கே விடச் சொல்லுங்கள். கால்வாயோரம் நடைபாதை இருக்கிறது, காசில்லாமலே சுற்றிப் பார்க்கலாம். துடுப்புப் படகை அங்கே போய் விசாரித்துக்கொள்ளலாம்.

என் ஓட்டு அம்பவாவுக்கு. சமுத் சோங்க்ராம் மாகாணத்தில் வெள்ளி, சனி, ஞாயிறு மட்டும் மதியத்துக்கு மேல் களைகட்டும். பாங்காக் குடும்பங்களே வார இறுதிக்கு வரும் இடம் என்பதால் ஏமாற்று குறைவு. படகிலேயே இறாலும் கணவாயும் சுடுவார்கள், படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட வேண்டியது. சாப்பாட்டுக்கு விலை எழுதியே இருக்கும், அதில் பேரம் பேசுவது அநாகரிகம். சைவக்காரர்கள் ‘ஜே’ (தாய் மொழியில் சைவ உணவு) என்று சொல்லிக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் மீன் சாறு எதில் இருக்கும் எதில் இருக்காது என்று சொல்ல முடியாது. குழிப்பணியாரம் மாதிரியே குழிச்சட்டியில் சுடும் தேங்காய்ப்பால் பலகாரம் ஒன்று உண்டு, அதை விடாதீர்கள். இருட்டியதும் மின்மினி பார்க்கத் தலைக்கு இவ்வளவு என்று பொதுப் படகு போகும், அதிலும் பேரம் இல்லை. கடைகளைச் சுருட்டிக்கொண்டு ரயிலுக்கு வழிவிடும் மேக்லாங் சந்தையும் பக்கத்தில்தான்.

வியட்நாமின் காண் தோ பக்கம் போகிறவர்கள் காய் ராங் சந்தையையும் கேட்கிறார்கள். அதுவும் தால் போல மொத்த வியாபாரம். படகில் என்ன சரக்கோ அதை ஒரு கம்பத்தில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள், அன்னாசி தொங்கினால் அன்னாசிப் படகு. ஆனால் அதற்காக மட்டும் டெல்லியிலிருந்து கிளம்புவது அதிகப்படி.

கையில் பணம் எடுத்துப் போங்கள். வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் காஷ்மீரில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்ட்தான் செல்லும். சிம் இல்லாவிட்டால் யுபிஐயும் கைவிட்டுவிடும். தாய்லாந்து போகிறவர்கள் 2025 மே முதல் வந்திருக்கும் டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் முன்பே நிரப்பிவிட வேண்டும்.

விடிகாலையில் எழத் தயாரென்றால் தால். சாப்பாடும் கூட்டமும் பிடிக்குமென்றால் அம்பவா. திங்கள் முதல் வியாழன் வரைதான் பாங்காக்கில் இருப்பீர்கள் என்றால் அம்பவா படகுகள் இருக்காது, தம்னன் சதுவாக்தான். அப்போது எட்டு மணிக்குள் போய்விடுங்கள், டூரிஸ்ட் பஸ்கள் அதற்கு அப்புறம்தான் வரத் தொடங்கும்.